பெயரை எண்ணினால் பன்மை கணக்காகுமா?

பேரீச்சை ரகங்களின் மரபுப் பன்மை பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



என் தலைமுறையினர் பேரீச்சம்பழத்தைக் கடையில் பார்த்து அறிந்தவர்கள் அல்லர். தெருவில் பார்த்து அறிந்தவர்கள். ‘ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று தள்ளுவண்டிக்காரர் கூவிக்கொண்டு வருவார். ஓட்டை விழுந்த குண்டானையும் துருவேறிய தாழ்ப்பாளையும் தூக்கிக்கொண்டு ஓடுவோம். கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, இறுகிக் கிடக்கும் பாளத்திலிருந்து கத்தியால் ஒரு கட்டியை வெட்டித் தாளில் வைத்துத் தருவார். உதவாத பொருளைப் ‘பேரீச்சம்பழத்துக்குப் போடு’ என்று இன்றும் சொல்கிறோமே, அது அந்த வண்டியிலிருந்து வந்த பேச்சு. அந்தக் கட்டிக்கு ரகம் கிடையாது, ஊர் கிடையாது. பேரீச்சம்பழம், அவ்வளவுதான்.

இன்று அதே தெருவில் உள்ள பழக்கடையில் மெஜூல், அஜ்வா, சஃபாவி, பர்ஹி என்று பெட்டி பெட்டியாகப் பெயர்கள் அடுக்கியிருக்கின்றன. பெயரில்லாத பழத்திலிருந்து பெயர் நிறைந்த பழத்துக்கு வந்துவிட்டோம். இவ்வளவு பெயர்கள் இருக்கும்போது பன்மைக்கு என்ன குறை என்று தோன்றுவது இயல்பு. உலகில் பேரீச்சை ரகங்கள் 3,000 என்று பல நூல்கள் எழுதுகின்றன. 5,000 என்பாரும் உண்டு. அந்த எண்கள் எல்லாம் பெயர்களின் கணக்கு. பெயர் மனிதன் வைத்தது. மரபு மரத்துக்குள் இருப்பது. இரண்டும் ஒத்துப்போகும் இடம் எது, பிரியும் இடம் எது என்று பார்ப்பதுதான் இன்றைய உரை.

மரத்தின் குணம்

பனையை அறிந்த நமக்குப் பேரீச்சையைப் புரிந்துகொள்வது எளிது. பனையைப் போலவே இதிலும் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. ஆனால் பனையில் இல்லாத ஒரு வசதி பேரீச்சைக்கு உண்டு. வாழையைப் போல அடித்தூரில் பக்கக்கன்று விடும். ஒரு மரம் தன் இளமைக் காலத்தில் சில கன்றுகளைத்தான் விடும். ஆயுள் முழுவதும் கூட்டினாலும் 10 முதல் 30 என்ற அளவில் நின்றுவிடும். அந்தக் கன்றைப் பெயர்த்து நட்டால் தாய்மரத்தின் அச்சு அசலான நகல் வளரும்.

விதை போட்டால் கதை வேறு. நல்ல ஒட்டு மாங்கனியைச் சாப்பிட்டுவிட்டுக் கொட்டையை நட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முளைக்கும் கன்றுகளில் ஏறக்குறைய பாதி ஆணாகப் போகும். மீதிப் பாதியில் ஒவ்வொன்றும் ஒரு குணம்: ஒன்று துவர்க்கும், ஒன்று சிறுக்கும், எப்போதாவது ஒன்று தாயையும் மிஞ்சும். அப்படி மிஞ்சிய ஒன்றை யாரோ ஒரு விவசாயி கண்டு, ஒரு பெயர் வைத்து, அதன் கன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்ததுதான் ஒவ்வொரு ரகத்தின் பிறப்பும். அதன்பின் நூற்றாண்டுக் கணக்கில் நகல் எடுத்துக்கொண்டே இருக்கிறோம். ஆக, பன்மையைப் பெற்றுத் தருவது விதை. பிடித்ததைப் பிடித்து வைப்பது கன்று. பாலைவனச் சோலைகளில் இரண்டும் சேர்ந்தே நடந்துவந்தன.

எதைக் கொண்டு அளப்பது?

முதலில் கண்ணால் அளந்தார்கள். மட்டையின் நீளம், முள்ளின் அடுக்கு, பழத்தின் நிறம், கொட்டையின் வடிவம். இதில் ஒரு சிக்கல்: காய்க்காத மரத்தின் ரகத்தைத் தேர்ந்த கண்ணும் தவறவிடும். ஒரே ரகம் மண்ணும் தண்ணீரும் மாறினால் வேறு முகம் காட்டும். அடுத்து 1980-களில் இலையின் நொதிகளை ஒப்பிட்டார்கள். பிறகு டிஎன்ஏ வந்தது.

ஆய்வுக்கூடத்தில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இளம் ஓலையிலிருந்து ஒரு துண்டை நறுக்கி, திரவ நைட்ரஜன் ஊற்றி உரலில் இடிப்பார்கள். நாரும் பிசினுமான ஓலை அந்தக் குளிரில் அப்பளம்போல் நொறுங்கிப் பச்சை மாவாகும். அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, குறிப்பிட்ட சில இடங்களை மட்டும் படிப்பார்கள். அந்த இடங்களில் ஒரு சிறு எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வரும். கொன்னக்கோல் கேட்டவர்கள் ‘தகிட தகிட தகிட’ என்று நினைத்துக்கொள்ளலாம். ஒரு மரத்தில் அது 14 முறை வரும், இன்னொன்றில் 17 முறை வரும். தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு மரத்துக்கு இரண்டு எண்கள் உண்டு. இதற்கு மைக்ரோசாட்டலைட் குறிப்பான் என்று பெயர். 2004-ல் பேரீச்சைக்கென்றே இப்படிப்பட்ட 16 குறிப்பான்களைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 16 இடம், இடத்துக்கு இரண்டு எண். ஆக ஒரு மரத்துக்கு 32 எண்கள். இரண்டு மரங்களுக்கு 32-ம் பொருந்தினால் அவை ஒரே மரத்தின் நகல்கள் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். பாதி பொருந்தினால் உறவு.

2011-ல் கத்தாரில் இருந்த ஆய்வுக்குழு ஒன்று கலாஸ் ரகத்தின் மரபுத்தொகுதியை முதல் வரைவாக வெளியிட்டது. 2013-ல் சவுதி, சீன ஆய்வாளர்கள் அதே கலாஸை இன்னும் நிறைவாகப் படித்து 41,000-க்கு மேற்பட்ட மரபணுக்களை அடையாளம் காட்டினார்கள். 2015-ல் 62 ரகங்களின் மரபுத்தொகுதிகளை வரிசையாக வைத்து ஒப்பிட முடிந்தது. சில இடங்களைத் தொட்டுப் பார்ப்பது போய், முழுப் புத்தகத்தையும் வாசிக்கும் காலம் வந்துவிட்டது.

எண்கள் கைக்கு வந்தபின் பன்மையை எப்படிக் கணக்கிடுவது? நம் வயலை வைத்துச் சொல்கிறேன். 100 ஏக்கரில் 10 நெல் ரகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 91 ஏக்கரில் ஒரே ரகம், மீதி ஒன்பதும் ஆளுக்கு ஒரு ஏக்கர் என்றால், எண்ணிக்கையில் 10 ரகம்தான். ஆனால் ஊர் முழுக்கக் கண்ணில் படுவது ஒன்று. இன்னோர் ஊரில் 10 ரகமும் பத்துப் பத்து ஏக்கர். முதல் கேள்வி எத்தனை என்பது. இரண்டாவது கேள்வி எப்படிப் பகிர்ந்திருக்கின்றன என்பது. மூன்றாவது ஒன்றும் உண்டு. பொன்னியும் வெள்ளைப் பொன்னியும் அண்டை வீட்டு உறவு. பொன்னியும் மாப்பிள்ளைச் சம்பாவும் அப்படியல்ல. எத்தனை, எப்படிப் பகிர்ந்து, எவ்வளவு தூரத்து உறவு: இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லாத பன்மைக் கணக்கு அரைக்கணக்கு.

ஒரு பெயருக்குள் பல மரங்கள்

மெஜூல் மொரோக்கோவின் ரகம். 1927-ல் அமெரிக்க வேளாண் துறையின் வால்டர் ஸ்விங்கிள் மொரோக்கோவின் பூதெனிப் என்ற சோலைக்குப் போனார். நோயில்லாத ஒரு மரத்திலிருந்து 11 கன்றுகளை எடுத்துவந்தார். பூச்சியோ நோயோ கூடவே வந்துவிடக்கூடாது என்று, பேரீச்சை வாசமே இல்லாத நெவாடாவின் ஒரு மூலையில் அவற்றைத் தனியே நட்டு வளர்த்தார்கள். 9 பிழைத்தன. 1936-ல் அவை கலிஃபோர்னியாவின் இண்டியோவுக்குப் போயின. அமெரிக்க மெஜூல் தோப்புகளின் வேர் அந்த ஒன்பது கன்றுகள். லட்சக்கணக்கில் மரங்கள் இருந்தாலும் மரபுக் கணக்கில் அவை ஏறக்குறைய ஒரே மரம்.

ஆனால் தாயகமான மொரோக்கோவில் மெஜூல் என்று அழைக்கப்படும் மரங்களைச் சோதித்தபோது அவை ஒரே மரபைக் காட்டவில்லை. 2006-ல் வெளியான ஆய்வு, மெஜூலை ஒற்றை நகல்வழி ரகமாகக் கொள்ளாமல் பல மரபுகள் சேர்ந்த நாட்டு ரகமாகவே கொள்ள வேண்டும் என்று முடிவு சொன்னது. சோலைக்காரர் கண்ணோட்டத்தில் பார்த்தால் இதில் வியப்பில்லை. விதையில் முளைத்த மரம் ஒன்று மெஜூல்போலவே காய்த்தால் அதையும் மெஜூல் என்பதில் அவருக்கு என்ன தடை? சந்தையில் விலை ஒன்றுதானே. ஒரே பெயர், ஒரே விலை. அமெரிக்காவில் ஒரு மரபு, மொரோக்கோவில் பல. பெயரை மட்டும் எண்ணியவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படவே படாது.

எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் லிபிய எல்லைக்கு அருகே ஸீவா என்ற சோலை இருக்கிறது. மரபியலாளர் முரியேல் குரோ-பால்தசாரும் மானிடவியலாளர் வின்சென்ட் பத்தெஸ்தியும் அவர்களோடு வேறு பலரும் அங்கே சேர்ந்து செய்த ஆய்வு 2020-ல் வந்தது. நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஆய்வு அது. ஓலையை வெட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடுவதற்கு முன்னால், அந்த மக்கள் எதைக் கண்டு எந்தப் பெயர் சொல்கிறார்கள் என்று அவர்கள் கேட்டார்கள். கிடைத்த விடை மூன்று வகை. சில பெயர்கள் ஒரே மரத்தின் நகல்களை மட்டும் குறித்தன. சில பெயர்கள், பார்க்கவும் சுவைக்கவும் ஒன்றுபோல் இருக்கும் பல மரபுகளைச் சேர்த்துக் குறித்தன. இன்னும் சில, ‘விதையில் வந்தது’ என்பதைப்போல ஒரு வகைமையை மட்டும் சொல்லின. மூன்றையும் ‘ரகம்’ என்ற ஒரே கட்டத்தில் போட்டு எண்ணியிருந்தால் கணக்கு தொடக்கத்திலேயே தப்பாகியிருக்கும்.

மறுபக்கமும் உண்டு. ஸீவாவில் ஸீவி என்று சொல்லப்படும் பழம், எகிப்தின் வேறு சோலைகளில் ஸஈதி. ஒரு பழத்துக்கு இரண்டு பெயர். அதைக் கணக்கில் இரண்டு என்று எழுதினால் பன்மை தாளில் கூடுமே தவிர மண்ணில் கூடாது.

மேற்கே ஏன் பன்மை அதிகம்?

பேரீச்சை வளைகுடாப் பகுதியில் முதலில் வளர்க்கப்பட்டது என்பதற்குத் தொல்லியல் சான்றுகள் இருக்கின்றன. அபுதாபியைச் சேர்ந்த தல்மா தீவில் கிடைத்த கொட்டைகள் ஏறத்தாழ 7,000 ஆண்டுகள் பழையவை. வட ஆப்பிரிக்காவுக்கு மரம் வெகுகாலம் பிந்தித்தான் போனது. பொதுவான விதி என்னவென்றால், பயிர் பிறந்த இடத்தில் பன்மை அதிகமாகவும், புறப்பட்டுப் போன இடத்தில் குறைவாகவும் இருக்கும். போகிறவர்கள் எல்லாவற்றையும் எடுத்துப்போக மாட்டார்கள் அல்லவா?

பேரீச்சையில் இது தலைகீழ். மொரோக்கோ, அல்ஜீரியா, துனீசியா ரகங்களில் பன்மை வளைகுடா ரகங்களைவிட அதிகம். 2019-ல் விடை கிடைத்தது. கிரீட் தீவிலும் துருக்கியின் தென்மேற்குக் கரையிலும் காட்டில் வளரும் ஓர் ஈந்து இனம் உண்டு; கிரேக்கத் தாவரவியலாளர் தியோஃபிராஸ்டஸின் பெயரால் வழங்குவது. அதன் பழத்தை யாரும் விரும்பித் தின்பதில்லை. ஆனால் வட ஆப்பிரிக்கப் பேரீச்சைகளின் மரபுத்தொகுதியில் 5 முதல் 18 விழுக்காடு வரை இந்தக் காட்டு உறவினரிடமிருந்து வந்திருக்கிறது. வழியில் எங்கோ கலப்பு நடந்து, அதன் விதையில் முளைத்த மரத்தை யாரோ வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

இந்தக் கலப்புக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. மசாதா கோட்டையில் அகழ்ந்தெடுத்த 2,000 ஆண்டுப் பழைய கொட்டை ஒன்றை 2005-ல் இஸ்ரேலில் முளைக்கவைத்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்த மரத்துக்கு மெத்தூசலா என்று பெயர் வைத்தார்கள். பின்னர் யூதேயப் பாலையின் வேறு பழங்கொட்டைகளும் முளைத்தன. அவற்றின் மரபுத்தொகுதியைப் படித்து 2021-ல் வெளியிட்டபோது, காலத்தால் பிந்திய கொட்டைகளில் அந்தக் கிரீட் தீவு உறவு கூடிவருவது தெரிந்தது. ஒரு கலப்பின் வரலாற்றைக் கொட்டைகளே பதிவேடாக வைத்திருந்திருக்கின்றன.

நோய் வந்தால் கணக்கு புரியும்

பன்மை எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒரே சொல்: பையூத். அரபியில் வெண்மையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். மட்டை ஒரு பக்கமாக வெளிறிச் சாம்பல் வெள்ளையாகக் காயும். பிறகு குருத்து சாகும். மண்ணில் வாழும் ஃபுசேரியம் பூஞ்சை செய்யும் வேலை அது. நம் ரஸ்தாளி வாழையை வாட்டும் வாடல் நோய்க்குக் காரணமான பூஞ்சையும் அதே இனம்தான், கிளை மட்டும் வேறு. தொட்டியம் பக்கத்திலும் திருவையாறு பக்கத்திலும் வாழை போட்டவர்களுக்கு அதன் குணம் தெரியும்: மண்ணுக்குள் போய்விட்டால் எளிதில் போகாது.

மொரோக்கோவின் த்ரா பள்ளத்தாக்கில் 1870-க்கு முன்பே பையூத் காணப்பட்டது. அடுத்த நூறாண்டில் மொரோக்கோ ஒரு கோடிக்கு மேற்பட்ட மரங்களை இழந்தது. அல்ஜீரியா சுமார் 30 லட்சம் மரங்களை. மிகவும் அடிபட்டவை விலை மதிப்புள்ள ரகங்கள்: மெஜூலும் தெக்லத் நூரும். சந்தை விரும்பியதால் திரும்பத் திரும்ப நகல் எடுக்கப்பட்டவை அவை. தாங்கி நின்றவற்றில் பல சந்தையில் யாரும் கேட்காத நாட்டு ரகங்கள். தாங்கும் திறனும் நல்ல பழமும் ஒன்றாக உள்ள மரத்தை மொரோக்கோ வேளாண் ஆய்வு நிறுவனம் பிறகு தேடித் தேர்ந்து பரப்பியது. அதற்கு நஜ்தா என்று பெயர். அரபியில் ‘ஆபத்துக்கு உதவி’ என்று பொருள். பெயர் வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கணக்கில் வராதவர்கள்

பேரீச்சை ஆய்வுகளில் ஒரு பழைய குறை, ஆண்மரங்களை விட்டுவிடுவது. பழம் தராத மரத்துக்குப் பெயர் வைப்பது குறைவு. பெயர் இல்லாததை ஆய்வாளரும் மாதிரி எடுப்பதில்லை. ஆனால் சோலைக்காரர் பாளை வெடிக்கும் காலத்தில் மரமேறி, ஆண்பூங்கதிரைப் பெண்பாளைக்குள் செருகிக் கட்டுகிறாரே, அந்த மகரந்தம் எங்கிருந்து வருகிறது? ஏறக்குறைய 50 பெண்மரங்களுக்கு ஓர் ஆண்மரம் போதும். அந்த ஒன்று பெரும்பாலும் விதையில் வந்தது; தோட்டத்து மரபில் புதுமை உள்ளே வரும் வாசல் அதுதான். மகரந்தத்தை மாற்றினால் விதை மட்டுமல்ல, பழத்தின் பருமனும் பழுக்கும் காலமும்கூட மாறும் என்று 1920-களின் இறுதியில் எழுதிக் காட்டியவர் அதே ஸ்விங்கிள். மனிதரைப்போலவே பேரீச்சையிலும் ஆண் பெண்ணை வகுப்பது எக்ஸ், ஒய் முறை என்று இப்போது தெரியும். பூக்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்காமல் நாற்றிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். எனக்கு ஒரு கவலை: இந்தச் சோதனை பரவினால், ஆண் என்று தெரிந்த நாற்றெல்லாம் அன்றைக்கே குப்பைக்குப் போகும்.

இரண்டாவதாகக் கணக்கில் வராதது கட்ச். குஜராத்தின் முந்த்ரா, அஞ்சார் பக்கத்துத் தோப்புகளில் நான் நடந்திருக்கிறேன். ஜூன் மாதக் கடைசி. ஒரே வரிசையில் ஒரு மரத்தில் குலை மஞ்சள், அடுத்ததில் ரத்தச் சிவப்பு, அதற்கடுத்ததில் இரண்டும் கலந்த நிறம். ஒன்றைக் கடித்தால் கரும்பு, பக்கத்து மரத்தில் கடித்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் துவர்ப்பு. காரணம் எளியது. அங்கே நூற்றாண்டுகளாக விதை போட்டே தோப்பு வைத்திருக்கிறார்கள். மழை வந்தால் பழம் அழுகும் என்பதால் கனிவதற்கு முன், மொறுமொறுப்பாக இருக்கும்போதே அறுத்து ‘காரெக்’ என்று விற்கிறார்கள். 2024-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு தோப்பின் உரிமையாளரிடம் இது என்ன ரகம் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, ‘இது கிணற்றோரத்து மரம், அது என் தாத்தா மரம்’ என்றார். பெயர்க் கணக்கில் கட்ச் ஒரு வரி: காரெக். மரபுக் கணக்கில் விதையில் வந்த ஒவ்வொரு மரமும் தனி ஆள். இவ்வளவு பெரிய விதைவழித் திரளை உலகில் வேறு சில இடங்களில்தான் காண முடியும்.

அங்கேயும் காற்று மாறுகிறது. திசு வளர்ப்பு பர்ஹி நாற்று வருகிறது. ஒரே சீரான மஞ்சள் குலை, உறுதியான விலை. விதை மரத்தை வெட்டிவிட்டு நகலை நடும் விவசாயியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கும் பிள்ளைகள் படிக்க வேண்டும். ஆனால் ஆய்வாளர்கள் அந்த மரத்தின் எண்களைக் குறித்துக்கொள்வதற்கு முன் அது விறகாகிவிடக்கூடாது. திசு வளர்ப்பும் எப்போதும் சரியான நகல் தருவதில்லை. குட்டையாக நின்றுபோகும் மரமும், கொட்டை பிடிக்காமல் மூன்று மூன்றாய் ஒட்டிக் காய்க்கும் மரமும் இடையிடையே வரும். நாற்று விற்பவரிடம் சோதனைச் சான்று கேட்கும் வழக்கம் நம் விவசாயிகளுக்கும் வர வேண்டும்.

நம் ஊரும் இந்தக் கணக்கில் உண்டு

தருமபுரிப் பக்கம் பர்ஹித் தோப்புகள் வந்து ஆண்டுகள் பல ஆகின்றன. கோடைக் கடைசியில் மஞ்சள் குலைகள் தள்ளுவண்டிக்கே வந்துவிடுகின்றன. அவை பெரும்பாலும் ஒரே ரகம் என்பதை மறந்துவிடக் கூடாது. தென்னையில் நாம் அறிந்த சிவப்புக் கூன்வண்டு, 1980-களின் நடுவில் வளைகுடாவுக்குப் போய்ச் சேர்ந்து இன்று பேரீச்சையின் முதல் எதிரியாக நிற்கிறது. வளைகுடா நாடுகளுக்கிடையே அது பரவியது பெரும்பாலும் கன்றுகளோடு. தென்னந்தோப்பு நடுவே பேரீச்சை வைப்பவர் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று. பேரீச்சைக்குக் கிரீட் தீவில் ஓர் உறவினர் இருந்ததுபோல, நம்மிடமும் உறவினர் இருக்கிறார்கள். ஏரிக்கரைகளில் நிற்கும் நாட்டு ஈச்சை, பேரீச்சையோடு கலக்கக்கூடிய இனம். குன்றுகளிலும் கரம்புகளிலும் புதராக வளரும் சிற்றீந்து, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. எயினர் குடிசையை ஈந்தின் இலையால் வேய்ந்திருந்ததைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. இன்று அந்த மரத்தைத் துடைப்பத்துக்கு வெட்டுகிறோம், இல்லையேல் ஏரியை அகலப்படுத்தும்போது பிடுங்கி எறிகிறோம். தின்னத் தகாத ஒரு காட்டு ஈந்து வட ஆப்பிரிக்கப் பேரீச்சைக்கு என்ன கொடுத்தது என்று இப்போதுதான் சொன்னேன்.

மாணவ நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்களுடன் முடிக்கிறேன். ஓலையை வெட்டும் முன் அந்த மரத்துக்குச் சொந்தக்காரர் அதை என்ன பெயரால் அழைக்கிறார், ஏன் அப்படி அழைக்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆண்மரத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். அடுத்த முறை உங்கள் ஊர் ஏரிக்கரையில் ஈச்சமரம் வெட்டப்படுவதைப் பார்த்தால், ஒரு குலைக் கொட்டையையாவது எடுத்துவைத்து, எந்த ஊர், எந்தக் கரை, எந்த நாள் என்று ஒரு தாளில் எழுதிக் கட்டுங்கள். பன்மையை அளக்கும் வேலை அந்தத் தாளில் தொடங்குகிறது.